கழுத்தில் விரிசல் விட்ட சைக்கிள்

ஆரப்பாளையம், மதுரை
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய தமிழ்வாணி அப்பாவுக்கு, சுபலட்சுமி எழுதுவது. இங்கே நானும் மகளும் சுகம். மஸ்கட்டில் வெயில் ஏறிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். வேலையிடத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன். உங்களைச் சுற்றியும் அறையில் ஆட்கள் இருப்பார்கள். பக்கத்துத் தெரு ஜஸீலா நாளை அங்கே வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் பழைய ரேஸ் சைக்கிளை விற்கச் சொன்னீர்கள். "இருபதாயிரம் சொல்லு, பதினஞ்சுக்குக் கீழ இறங்காத. ஒரு தடவகூட விழாத வண்டின்னு சொல்லு" என்றீர்கள். அப்படியே சொன்னேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்காரர் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது பழைய மாடல்க்கா, எட்டாயிரத்துக்கு மேல போகாது" என்றார். எனக்குக் கோபம். நீங்கள் துடைத்துத் துடைத்து வைத்த வண்டியாயிற்றே.

அப்புறம்தான் நெட்டில் நான் போட்டிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டுக் கீழக்குயில்குடியிலிருந்து காசிமாயன் என்பவர் வந்தார். விவசாயம் பார்க்கிறவர். கூடவே மகள் அஸ்வினி. கல்லூரியில் படிக்கிறாள், சைக்கிள் போட்டிக்குத் தயாராகிறாளாம். சீட்டில் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம். பதினைந்துக்கு ஒத்துக்கொண்டார். "செல்லூர்ல சிஹாபுதீன் பாய் ஒரு பார்வை பாத்துட்டார்னா கையோட பணத்தக் குடுத்துருவேன்மா" என்றார். அந்தச் சைக்கிள் கடைக்கு மட்டும் போக வேண்டாம், அவர் விலையைக் குறைப்பார் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வாங்குகிறவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

அஸ்வினி சைக்கிளிலேயே முன்னால் போனாள். அவள் அப்பா மோட்டார் சைக்கிளில், நான் ஆட்டோவில். வைகைப் பாலத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவே குனிந்து அவள் பறந்து போனதைப் பார்த்து, நன்றாக ஓட்டுகிறாள் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

பாய் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். "இது பாண்டியராஜன் வண்டில்ல? இத இன்னுமா ஓட்டுறீங்க?" என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹேண்டில் பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் பகுதியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் பெயின்ட் வேறு நிறமாக இருந்தது. அதைச் சுரண்டினார். குழாயைச் சுற்றிப் பாதிவரை விரிசல். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை அவர் முன்னால் தள்ளியபோது அந்த விரிசல் வாய் திறந்து மூடியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"நாகமலைப் பக்கம் விழுந்து எந்திரிச்சு இங்கதான்மா வந்தாரு. தோள்பட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பிரேம் போச்சு, இனி இதுல ஏறாதீங்க, திடீர்னு ரெண்டா போயிரும்னு அன்னைக்கே சொன்னேன். இந்தப் பெயின்ட் நான் அடிச்சதில்ல" என்றார்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நீங்கள் சொல்லி, நான் ஒரு மாதம் உங்களுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். அது போகட்டும்.

காசிமாயன் அண்ணன் சத்தம் போடவில்லை. மகளின் கையைப் பிடித்து வண்டியிலிருந்து தள்ளி நிறுத்தினார். "ஒங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். சத்தியமாகத் தெரியாது அண்ணே என்றேன். "அவருக்கு?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பாய் தண்ணீர் கொடுத்தார். 

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதே தமிழ்வாணி நினைவு வந்துவிட்டது. போன மாதம் உங்களிடம் சொன்னேனே, அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் சமணர் மலை வரை போய் வருகிறாள் என்று. நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "அத வித்துரு, பழசாயிருச்சு" என்றீர்கள். அவளை அதில் ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. விலை பேசி முடியும்வரை அவள் தினமும் அதில்தான் போனாள். நான்தான் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தேன்.

எனக்குப் பயந்தீர்களா, விழுந்ததைச் சொல்ல வெட்கமா, பணம் போய்விடும் என்றா? எது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக ஒவ்வொரு காரணமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் போதவில்லை.

சக்கரம், கியர், பெடல் எல்லாவற்றையும் பாய் கழற்றி எடுத்துக்கொண்டார். நாலாயிரம் கொடுத்தார். அவர் சொன்ன விலை சரியாகத்தான் இருக்கும், நான் பேரம் பேசவில்லை. பிரேமை மட்டும் என் எதிரிலேயே ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் சொன்னேன். இனி யாரும் அதைப் பூசி விற்க முடியாது. உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

சைக்கிள் எங்கே என்று தமிழ்வாணி கேட்டாள். விரிசல் விட்டிருந்தது என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்றாள். நீயே கேட்டுக்கொள் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், வாசலுக்குப் போய்விடுவேன். அவள் கேட்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் உங்கள் மகள், அவளுக்குப் பதினாறு வயது, நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவாள். அதை மட்டும் மனதில் வைத்துப் பேசுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மீனாட்சி உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் சொன்னதை இதுவரை மறுபேச்சில்லாமல் நம்பி வந்த
சுபலட்சுமி