வண்டிக்கு அடியில் அட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பைக்குக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தது. நீங்கள் ஓசூர் வேலைக்குப் பஸ் ஏறிய மறுநாள் அதைத்தான் முதலில் பார்த்தேன். தரை கறையாகாமல் இருக்க ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை வைத்தேன்.

நீங்கள் விற்கச் சொன்னதால் அத்தா ஆள் பார்த்தார். நேற்று தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாதப்பன் வந்தார். அவருக்கும் உங்களைப் போல வண்டியிலேயே கன்னியாகுமரி போக ஆசையாம். அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, ஆயில் ஒழுகுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவ்வளவு தூரம் போய்ட்டு வந்தா ஆயில் மாத்தோணுங்க. செயினும் பின் டயரும் சீக்கிரம் தேஞ்சுரும். நம்ம மலை வளைவுல எறங்கறதுக்கே பிரேக் கட்டை ரொம்ப நாள் தாங்காதுங்க. எங்கண்ணன் சம்பளத்துல பாதி இதுக்கே போச்சுங்க."

பள்ளிக்கூடத்தை விட்டபின் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒன்றும் பொய்யில்லை, அண்ணா.

ரைட்டர் சிரித்துவிட்டார். "ஏனுங்க பாய், வண்டி விக்கறவங்க இப்படியா பேசுவாங்க?"

"எம் பொண்ணு ஊட்டுக்கு ஆள் வந்தா உள்ள போய் ஒளிஞ்சுக்குவாளுங்க. இத்தன பேச வரும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் அத்தா.

யோசித்துப் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு ரைட்டர் போய்விட்டார். அத்தா என்னைத் திட்டவில்லை. "மழை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். பெருநாளுக்கு நீங்கள் வரும்போது வண்டி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நீங்கள் சொன்னபடி என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு வண்டிக்கு அடியில் புது அட்டை வைத்தேன்.

உங்கள் தங்கை