உருட்டு மட்டை உன்னுடையது

மாப்ள,

இன்று காலை கோல்ஃப் பையைத் திறந்ததும் தறி எண்ணெய் வாசனை வந்தது. குழிக்குள் பந்தை உருட்டும் குட்டை மட்டையில், பிடி வழுக்கக் கூடாதென்று உன் செல்லூர்த் தறிக்கூடத்துக் கழிவு நூலைச் சுற்றி வைத்தாயே, அது நீ போனபிறகும் அப்படியே இருக்கிறது.

அழகர்கோவில் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் நம் மைதானம். புல் கிடையாது. பால் டப்பாவைப் புதைத்தால் குழி. வண்டல் வெடிப்புக்குள் பந்து விழுந்தால் கையால் எடுத்து வைக்கலாம் என்பது நாமே போட்ட சட்டம். அந்தத் தரையில் எவனாவது பெரிய மட்டையை ஓங்குவானா? நீ ஓங்குவாய். பந்து கிடக்கும், மண் பறக்கும்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின், அங்கே போயும் காரை விட்டு இறங்க மறுத்தாய்.

“பாவம் பாத்துக் கூட்டியாந்தியா?”

“நீ எறங்கலைன்னா நான்தான் பாவம். எவன்கூட வெளையாடுறது?”

நீ சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாய். “தூர அடியெல்லாம் நீ அடி. எந்த மட்டைன்னு நான் சொல்வேன். உருட்டுறது மட்டும் நான், இடது கையால.”

மண்ணைத் தூவிக் காற்று பார்ப்பாய். கருவேல மரத்தைத் தாண்ட, பந்தை உயரத் தூக்கும் ஒன்பதாம் நம்பர் மட்டை. தாழ்வாக, தூரமாகப் போக ஐந்து. நடுவாந்தரத்துக்கு ஏழு.

ஒருநாள் எதிர்காற்றில் ஏழாம் நம்பரைக் கேட்டாய். போதாது என்று தெரிந்தும் வாய் திறக்காமல் அடித்தேன். பந்து பாதியில் விழுந்தது.

“தெரிஞ்சேதான அடிச்ச?” உன் கண் கலங்கிவிட்டது. “கை போனதுக்குக்கூட நான் அழுகல மாப்ள. நீ எங்கூடச் சண்டை போடுறத விட்டுட்டியே.”

அடுத்த அடிக்கு நீ சொன்ன மட்டை தப்பென்று தொண்டை கிழியக் கத்தினேன். தமிழ் போதாமல் நீ வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்துக்குத் தாவினாய். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அடிதடி என்று நினைத்து விலக்க ஓடிவந்தார். அன்றுதான், கை விழுந்தபின் முதல்முறையாக, நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

இன்றும் எதிர்காற்று. “அஞ்சுதான்டா, ஏழு போய்ச் சேராது” என்று சத்தமாகவே சொன்னேன். மறுத்துப் பேச ஆளில்லை. ஐந்தையே எடுத்து அடித்தேன். பந்து டப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

நூல் சுற்றிய மட்டையை எடுத்து, இடது கையால் பிடித்துப் பார்த்தேன். பிறகு பைக்குள் வைத்துவிட்டேன். அது உன் அடி மாப்ள. பந்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.