பின்பக்கத்து வலை

மார்ச் 3, திங்கள்

புது வலைக் கட்டுகள் இன்று வந்து இறங்கின. ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் ஐந்து மாடி எழும்பிவிட்டது. சாரத்தின் முன்பக்கம் கட்டியிருக்கும் பச்சை வலை நல்ல சரக்கு. பொறி பட்டாலும் தீ பரவாது. இந்த லோடு பின்பக்கத்துக்கு. பார்க்க அதே பச்சை, கையில் எடுத்தால் மட்டும் பஞ்சு மாதிரி லேசு. பாதுகாப்பு அதிகாரி என்று எனக்கு ஒரு மஞ்சள் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்களே, அதற்காவது பார்க்க வேண்டாமா? இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி, மணல் வாளிக்கு மேல் பிடித்துக் கொளுத்தினேன். பழையது சுருங்கிக் கருகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிட்டது. புதுசு அணையவில்லை. உருகிச் சொட்டியது. மணலில் விழுந்த சொட்டும் எரிந்தது.

பின்பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் வெல்டிங் செய்கிறார். மதிலுக்கு அந்தப்பக்கம் பழைய கட்டடம், நோயாளிகள் வார்டு.

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜரிடம் காட்டினேன். பின்பக்கம் கொஞ்ச நாள் வேலைதான், அதற்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா என்றார். அப்புறம், "ஏம்மா, நீங்க கொளுத்தாம இருந்தா அது ஏன் எரியப்போகுது?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிக்கிற மாதிரி உதடு இழுத்துக்கொண்டது. அது சிரிப்பில்லை.

மார்ச் 6, வியாழன்

வலையைக் கட்டிவிட்டார்கள். நெருப்பு வேலைக்கு அனுமதி கொடுக்க வேண்டியவள் நான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெல்டர்கள் எல்லாரும் கீழே சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவரும்தான். கூட்டத்தில் மூத்தவரை வாத்தியார் என்பார்கள், வாய் ஓயாத மனுஷன். "என்னப்பா, வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாப்பிடுறியா?" என்று அவரைக் கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"எனக்காகப் பயப்படுறியா, இல்ல எல்லாருக்காகவுமா?"

"உங்களுக்காகத்தான்."

"மத்தவங்க பொண்டாட்டிங்க யாரும் கையெழுத்துப் போடுற இடத்துல இல்லையே. அவங்க என்ன பண்ணுவாங்க?"

எழுந்து போய் அரிசி களைந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் போடவில்லை.

மார்ச் 8, சனி

மேனேஜர் கொஞ்சம் இறங்கிவந்தார். முன்பக்கத்தில் மிஞ்சிய நல்ல வலையை வைத்து, சாரத்தின் படிக்கட்டுப் பக்கத்தை மட்டும் மாற்றித் தருவாராம். மீதிக்கு ஆர்டர் போட்டாச்சு, வரும்வரை வெல்டிங் இல்லை என்று வாக்கும் கொடுத்தார். நம்பலாமா? படிக்கட்டுப் பக்கம் ஒவ்வொரு முடிச்சும் போடும்வரை பக்கத்திலேயே நின்றேன். சாரம் கட்டுகிறவர் எரிச்சலில் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

நாளைக்குத் தலைமை ஆபீஸில் கூட்டமாம், நான் போகணுமாம். இத்தனை நாள் இல்லாத கூட்டம் இப்ப எதுக்கு? நான் இல்லாதப்போ மேல ஏறாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். சரி என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கலை.

மார்ச் 12, புதன்

எரிஞ்சிடுச்சு. அவர் உயிரோட இருக்கார். எழுத முடியலை.

மார்ச் 15, சனி

இன்றுதான் எழுத உட்கார முடிந்தது.

நான் கிளம்பிய பிறகு மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலைக்கு அடியில் தீப்போர்வை விரித்துத்தான் செய்திருக்கிறார்கள். காற்று, பொறியை அதைத் தாண்டிக் கொண்டுபோய் வலையில் போட்டுவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் ஒரு மாடி உயரத்துக்கு ஏறிவிட்டதாம். உருகிய வலை அவர் கைகளில் விழுந்து ஒட்டிக்கொண்டது. சாரம் கட்டுகிறவர் இரண்டாம் மாடியிலிருந்து குதித்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வார்டில் இருந்தவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறார்கள். வார்டு ஜன்னல்கள் வெடித்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

மற்ற எல்லாரும் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினார்கள். தீ அந்த மூலைவரை வந்து, அங்கே கட்டியிருந்த வலையைக் கருக்கி ஓட்டை போட்டதே தவிர, மேலே பற்றவில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் வெறும் கம்பி. இன்னொரு பக்கம் கிழிசலாக, கருப்பாக, வலை அப்படியே தொங்குகிறது. கருகிய முடிச்சு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன்.

ஏன் ஏறினீங்கன்னு இன்னும் கேட்கலை. கேட்டா அழுதுடுவார், இல்ல நான் அழுதுடுவேன்.

மார்ச் 20, வியாழன்

அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒன்றும் கேட்பதில்லை, நல்லவள்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை. வலையைக் கொளுத்திப் பார்த்தது, மேனேஜர் சொன்னது, எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மேனேஜரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், வழக்கும் வருமாம். என்னை வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனையா, மரியாதையா? தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு ஊட்டினேன். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "எல்லாரும் ஏறினாங்க. நான் மட்டும் கீழ நிக்க வெக்கமா இருந்துச்சு."

வெட்கமாம்.

ஏப்ரல் 17, வியாழன்

டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தார். பாதி சட்டையில்.

மே 19, திங்கள்

இன்று அவருக்கு வேலைக்குத் திரும்பும் நாள். வேறு கான்ட்ராக்டர் எடுத்த கட்டடம், நகரத்தின் அந்தக் கோடியில். பழைய வெல்டர் கூட்டம் அப்படியே அங்கே சேர்ந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். வேறு வேலை தெரியாது அவருக்கு.

காலையில் என் சைட்டில் நிற்கும்போது போன் அடித்தது. அவர் நம்பர். எடுக்க விரல் வரவில்லை. வேலை நேரத்தில் எதற்குக் கூப்பிடுகிறார்? அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இங்க வலையைச் சோதிச்சுப் பார்த்த ஆள் யாருன்னு கேட்டோம், அப்படி யாரும் இல்லையாம். அதான் ஏறாம கீழ உட்கார்ந்திருக்கோம்."

"நீங்க மட்டுமா?"

"எல்லாரும்தான். வாத்தியார்தான் முதல்ல உட்கார்ந்தார்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் யாரோ டீ வாங்கிவரச் சொல்லிக் கத்துவது கேட்டது.