முப்பத்தொன்று என்றேன்

அக்கா,

இன்று காலை, கைப்பிடியின் பலத்தைக் காட்டும் உங்கள் கிரிப் மீட்டரை ஸ்டெல்லா அழுத்தினாள். உங்களுக்குப் பிறகு என்னோடு பளு தூக்குகிறவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி. கண்ணை மூடிக்கொண்டு, "எவ்ளோக்கா?" என்றாள். முள்ளைப் பார்த்ததும் மறுபடி ஒரு முறை அழுத்தச் சொன்னேன்.

குரோம்பேட்டை ஜிம்மில் இதைக் கொண்டுவந்தது நீங்கள். முந்தைய நாள் பயிற்சியின் அசதி போய்விட்டதா, உடம்பு தேறிவிட்டதா என்று பார்க்கத் தினமும் மூன்று முறை அழுத்துவோம். அழுத்துகிறவர் முள்ளைப் பார்க்கக் கூடாது, அடுத்தவர்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் நீங்கள்தான். "பாத்துட்டா மனசு திருட்டுத்தனம் பண்ணும்டி" என்பீர்கள். உங்களுக்கு வழக்கமாக முப்பத்திரண்டு கிலோ காட்டும். நாலு குறைந்தால் அன்று பளுவைத் தொடக் கூடாது.

உங்கள் முதல் போட்டிக்கு மூன்று நாள் இருந்தது. நாற்பத்தாறு வயதில் போட்டிக்குப் போகிறேன் என்று, பள்ளிக்கூடத்தில் நீங்கள் பாடம் எடுக்கும் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். முள் இருபத்தாறில் நின்றது. மூன்று முறையும் அதேதான். உங்கள் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று என்றேன்.

சந்தோஷமாகப் போய்க் கம்பியைப் பிடித்தீர்கள். பாதி தூக்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டது. கம்பி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் நிமிர்ந்து நடக்கவே இல்லை. வாரா வாரம் பம்மலுக்கு ஷேர் ஆட்டோ ஏறி உங்களைப் பார்க்க வந்தேன். ஒவ்வொரு முறையும் உண்மை தொண்டை வரைக்கும் வரும். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவ்வளவு பயந்தாங்கொள்ளி நான்.

பிறகு வேறொரு நோய் உங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. மீட்டரை எடுத்து வா என்றீர்கள். கண்ணை மூடி அழுத்தினீர்கள். முள் நடுங்கி ஆறில் நின்றது. பன்னிரண்டு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தவித்தேன். ஆறு என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்: "அன்னைக்கும் இப்டி சொல்லியிருக்கலாம்ல."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களும் என் கையை விடவில்லை. மன்னித்தீர்களா என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டீர்கள்; இன்றுவரை தெரியாமல்தான் இருக்கிறேன் அக்கா.

இன்று ஸ்டெல்லாவுக்கு ஆறு குறைந்திருந்தது. இருந்ததை இருந்தபடியே படித்தேன். "இன்னைக்குத் தூக்காத" என்றேன். நான் பொய் சொல்கிறேன், எனக்குப் பொறாமை என்றாள். பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசுவாளோ மாட்டாளோ. அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்துதான் நடந்து போனாள்.