மெயில் வராத ஒரு மாதம்

சின்னவள் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நானும் இங்கே டியூஷன் வேலையும் சுகம்.

ஒரு மாதமாக என் போனில் மெயில் வரவில்லை. கோபித்துப் போன நம் சின்னவளுக்கு நான் போட்ட மெயிலுக்கு, அவள் பதில் எங்கோ மாட்டியிருக்கிறது என்று நம்பினேன். வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளைக்கு, "பையில நல்லாத் தேடுப்பா" என்பேனே, அப்படி.

நேற்று போன் கடைக்காரர், "மெயில் தானா வந்து சேர்ற சிங்க் ஆஃப் ஆயிருக்கு சார், அவ்வளவுதான்" என்று ஒரு தட்டுத் தட்டினார். மெயில்கள் மளமளவென்று கொட்டின. "எத்தன பேரு உங்களத் தேடியிருக்காங்க பாருங்க" என்றார். எல்லாம் விளம்பரம். அவள் எழுதவே இல்லை.

யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் உன்னிடம் பேசினால், அப்பா போன் இன்னும் ரிப்பேர் என்றே சொல். குழந்தை கூசிப்போய்விடக் கூடாது.

உன் வாத்தியார்