துடைக்காமல் காய்ந்த ஜன்னல்

17 பிப்ரவரி, திங்கள் (மாசி 5)

காலையில் மெல்லிய பனி. எட்டு மணிக்குள் நல்ல வெயில். மாடி அறையில் மலையைப் பார்த்த மேற்கு ஜன்னல், மீண்டும் ஒரு முயற்சி. வினிகர் தடவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, போர்த் தண்ணீரால் அலசல். ஈரத்தில் தெளிவு. காய்ந்ததும் அதே வெள்ளைத் திட்டுகள். மொட்டை மாடித் தொட்டி வழிந்து வழிந்து படிந்த உப்பு. கறையை எடுத்த தண்ணீரே போகும்போது கறையை வைத்துவிட்டுப் போகிறது. இத்தனை நாள் எனக்கு இது தோன்றவில்லை.

கட்டிலிலிருந்து தனம்: "பாத்தீங்களா? ஜன்னல்தான் கெட்டுப்போச்சு. என் கண்ணு நல்லாத்தான் இருக்குது."

இரு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது என்பது மருத்துவர் கூற்று. என் மனைவிக்கோ ஆபரேஷன் என்றாலே நடுக்கம். சென்ற வாரம் தேரடித் தெருவில் ஓர் ஆட்டோ அவளை உரசியபடி நின்றது. அது வந்ததையே அவள் பார்க்கவில்லை. இன்று ஒருவழியாக உடன்பாடு.

"ஜன்னல சுத்தமா ஆக்குங்க. அப்பவும் மலை மங்கலாத் தெரிஞ்சா, நீங்க கூப்புடற எடத்துக்கு வரேன்."

செங்கம் சாலை விடுதிகளின் கண்ணாடிகளைக் கழுவித் தரும் சுமதிக்கு போன். வியாழன் வருகை.

வாங்க வேண்டியவை: டார்ச் செல் 2, பெருங்காயம், செருப்புக்கு வார்.

20 பிப்ரவரி, வியாழன் (மாசி 8)

காற்று இல்லை. சுமதியும் கணவர் குமாரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில். வேனுக்குள் வரிசையாக ஃபில்டர் குழாய்கள், அவற்றை அடுத்து ஒரு ஹீட்டர். எங்கள் சோலார் வெந்நீரையே எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"வேணாம் சார். சுடுதண்ணிய நேரா உட்டா ஃபில்டர் போயிடும். மொதல்ல வடிகட்டணும், அப்புறம்தான் சூடு."

உப்பளவு காட்டும் என் பேனாக்கருவியை முதலில் எங்கள் தண்ணீரில் வைத்தேன்: 1,400. பிறகு அவர்களுடையதில்: 0. தட்டிப் பார்த்தேன். மீண்டும் 0. எதுவுமே கலவாத தண்ணீரை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டேன்.

முதலில் உப்பை இளக்கும் ஒரு திரவம். பின்னர் தெருவிலிருந்தே நீளக் கம்பு, நுனியில் பிரஷ், அதன் வழியே ஆவி பறக்கும் நீர். தூசி, புறாவின் எச்சம், உப்பு, எல்லாம் பால்போல் சுவரில் வழிந்தன. மாடிக்கு ஓடி, ஜன்னல் வழியே துணியோடு கையை நீட்டினேன்.

கீழிருந்து சுமதி: "அந்தத் துணிய உள்ள வைங்க சார். துணி பட்டாதான் கோடு உழும். அது தானா காயும்."

குமார்: "சாருக்குக் கை சும்மா இருக்காது போல."

துணியை மடித்து வைத்துவிட்டு நின்றேன். ஒவ்வொரு துளியாகச் சுருங்கியது, மறைந்தது. இருந்த இடத்தில் புள்ளிகூட இல்லை. கண்ணாடி இருக்கிறதா என்ற ஐயம். பறந்து வந்த மைனா ஒன்று கடைசி நொடியில் திரும்பிற்று.

அப்புறம் மலை. பாறை பாறையாக. ஓடைப் பள்ளத்தின் நிழல், கருகிய புல்லின் விளிம்பு, உச்சிக்குக் கீழே தனியாக நின்ற ஒரு செடி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்கும் மலை. இன்றுதான் அறிமுகம் ஆனதுபோல் இருந்தது. எதற்காக இந்த ஏற்பாடு என்பதே மறந்து, சிறுவனைப்போல் தனத்தைக் கூவி அழைத்தேன்.

வந்தாள். ஜன்னலை நோக்கி நெடுநேரம் நின்றாள்.

"இன்னும் காயலையா?"

இல்லை என்றேன். காய்ந்து அரைமணி ஆகியிருந்தது.

21 பிப்ரவரி, வெள்ளி (மாசி 9)

வெயில். பால் தாமதம். காபி ஆற்றிக்கொண்டு மாடிக்குப் போனபோது, தனம் ஜன்னலின் ஒரு கதவைத் திறந்து, கையை வெளியே சுற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழ் வரை, மூலைகளையும் விடாமல்.

"சொரசொரன்னு இருக்குமே. எல்லாம் போயிடுச்சு."

"ஆமா."

"நேத்தே காஞ்சிடுச்சு இல்ல?"

"நேத்தே."

கட்டிலில் வந்து அமர்ந்தாள். காபியைக் குடித்து முடித்தாள்.

"மலை எப்படி இருக்குது? சொல்லுங்க."

சொன்னேன். பாறை, பள்ளம், புல், அந்தச் செடி. சொற்களை அளந்தே பேசும் எனக்கு இன்று சொல் போதவில்லை.

"செடி கூடவா தெரியுது?"

"இலைகூட அசையுது."

புடவைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மீண்டும் பார்த்தாள்.

"எனக்கு வெறும் புகைதாங்க."

என் கை அவள் தோளில். வேறென்ன செய்வது.

"ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. ரெண்டு கண்ணும் ஒரே நாள்ல பண்ணுவாங்களா?"

"இல்ல. ஒண்ணு முடிஞ்சு, அப்புறம்தான் அடுத்தது."

சற்று யோசித்தாள். கட்டிலில் சாய்ந்து, ஜன்னல் எந்தக் கைப்பக்கம் வருகிறதென்று தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ மலை பக்கத்துக் கண்ண மொதல்ல பண்ணச் சொல்லுங்க."