அப்பா தூங்கும் நேரத்து மின்சாரம்

அம்மா, நேற்றுக் காலை கரண்ட் ஆபீஸ்காரர் கொடுத்த தாளில் முதலில் என் கண்ணில் பட்டது உன் பெயர்தான். நீ போய் இரண்டு வருடமாகியும் மீட்டர் உன் பெயரில்தான் இருக்கிறது. கீழே இரண்டு கட்டங்கள். இப்போது இருப்பதுபோல எல்லா நேரமும் ஒரே கட்டணம் என்பது ஒன்று. நேரத்துக்கு ஒரு கட்டணம் என்பது மற்றொன்று. அதில் பகலில் குறைவு, காலையும் சாயங்காலமும் கூடுதல். ஒன்றில் குறி போட்டுவைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாவதோடு நின்றவள் நான். நாலு தடவை படித்தும் இரண்டுமே சரி என்றுதான் தோன்றியது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று அவர்கள் வாசல் வரை போய், கூச்சத்தில் திரும்பிவிட்டேன்.

அப்பா மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொறைவா இருக்கறதுல போட்டுரு அம்மணி. மோட்டாரு, கிரைண்டரு எல்லாத்தையும் பகல்லயே ஓட்டிக்க."

"நீங்க தூங்கோணுமேங்கப்பா?"

"நானா? காதுகிட்ட மேளம் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேன்."

நம் ஓட்டு வீட்டில் நடுச்சுவர் கூரை வரை போகாது. அடுப்படியில் கரண்டி விழுந்தால் உள்ளறையில் கேட்கும். அவர் படுத்துவிட்டால் நீ மிக்சியைக்கூடத் தொட மாட்டாய். ஒரு நாள் நான் டிவி போட்டபோது என்னை இழுத்துப்போய் அவர் காலைக் காட்டினாய். "பெருவெரலு ஆடுது பாரு. கண்ணை மட்டுந்தான் மூடியிருக்காரு. கேட்டா நல்லாத் தூங்குனேம்பாரு அந்த மனுசன்," என்று வாய்க்குள் சிரித்தாய்.

போன மாதம் மிஷின் பக்கத்தில் அவர் கண் அசந்து, சட்டைக் கை மாட்டிக் கிழிந்துவிட்டது. நல்லவேளை, சட்டையோடு போயிற்று. அவரோடு வேலை செய்யும் மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அதனால் நேற்று அவர் படுத்தபின் கிரைண்டரை ஓட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்ததும், "நல்ல தூக்கம் கண்ணு," என்றார். கண்கள் சிவந்திருந்தன.

நீயாக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். ஆனால் செலவுக்காகத்தானே அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் பார்க்கிறார்? கரண்ட் செலவு குறைந்தால் ஞாயிறாவது வீட்டில் இருப்பாரோ? அப்படியானால் அதுவும் தூக்கம்தானே? ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் மறுபக்கம் அவிழ்கிறது. உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க முடிந்தால் போதும் என்றிருந்தது.

இன்று ஆபீஸ்காரர் வந்தபோது அப்பா படுத்து அரை மணிதான் ஆகியிருந்தது. தாளில் இன்னும் குறி போடவில்லை.

"எதுல போட்டே அம்மணி?"

"பழையபடியே இருக்கட்டுங்க."

"ஏஞ்சாமி? இந்த வீதில பாதிப் பேரு பகலுக்கு மாறியாச்சே!"

"எங்கப்பா பகல்ல தூங்கோணுங்க."

ஆபீஸ்காரர் முன்னாலேயே குறி போட்டுக் கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை, அம்மா. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை உதைக்கக் காலைத் தூக்கினார். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "வீதி முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயிருங்கண்ணா," என்றேன்.